சோளக்குருவி போட்ட சுதி

பறவையும் மனிதனும் ஒரே பேச்சில் வம்பளந்த அந்தக் காலத்தில், சோளக்குருவிகளுக்குச் சோளம் என்றால் என்னவென்றே தெரியாது. மேற்கே வெகுதூரத்தில், ஒரு கோட்டைச்சுவரின் விரிசல்களில் குடியிருந்தன. அவற்றில் கிரிச்சி என்பவள் பெரிய வாலு. கழுதைபோல் கத்துவாள், காவற்காரன்போல் இருமுவாள், ஊரே ஏமாறும்.

ஒருநாள் ரோமாபுரிப் படை கோட்டையை வளைத்து, எதிரே ஒரு கல்லெறி பொறியை நிறுத்தியது. மரச்சட்டத்தின் இரு பக்கமும் மாட்டு நரம்பை முறுக்கி முறுக்கித் திரித்த தடித்த புரிகள். ஒவ்வொரு புரியிலும் செருகிய ஒரு மரக்கை.

"இதென்ன, கழன்று விழுந்த கதவா?" என்று சிரித்தாள் கிரிச்சி.

பொறி ஒருமுறை உதறியது. கல் வந்ததை யாரும் பார்க்கவில்லை. கோபுரத்தின் தலை இருந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. அடுத்த கல்லும் குறி தவறாமல் அதே கோபுரத்தில். கிரிச்சி அந்தப் புரிகளையே உற்றுப் பார்த்தாள். செத்த மாட்டின் நரம்புக்குள் இவ்வளவு பலம் எங்கே ஒளிந்திருந்தது?

பொறிக்காரன் வீபியஸ் மறுநாள் காலையில் பொறியைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். நேர் எதிரே அவள் கூடு. உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள்.

கிரிச்சி பறந்துபோய்ப் பொறியின் சட்டத்தில் உட்கார்ந்தாள். வீபியஸ் இடப்புரியைச் சுண்டிக் காது கொடுத்தான், பிறகு வலப்புரியை.

"அண்ணே, போருக்கு வந்தீங்களா, கச்சேரிக்கா?"

"ரெண்டும் ஒரே சுதியில நிக்கணும் குருவி. நின்னா நினைச்ச இடத்துல விழும். இல்லேன்னா பொறியே பிளந்துடும்."

இரவுப் பனியில் வலப்புரி தளர்ந்திருந்தது. கொஞ்சம் முறுக்கிவிட்டு மறுபடி சுண்டினான். அந்த நொடியில் கிரிச்சி தொண்டையைத் திறந்து, இடப்புரியின் 'ஙொம்ம்' என்ற நாதத்தை அப்படியே பாடினாள். வலப்புரியும் அதே சுதிக்கு வந்துவிட்டதென்று நம்பி வீபியஸ் விசையைத் தட்டினான்.

கல் கோணிக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தது. சட்டம் பிளந்து, புரி பாம்பாய்த் துள்ளி அவிழ்ந்தது. வீபியஸ் மண்ணில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

"நீயா?"

"நான்தான் அண்ணே. சுவருக்குள்ள என் குஞ்சுங்க இருக்கு."

அவன் எழுந்து, அவிழ்ந்த புரியைக் கையில் எடுத்தான். "புதுப்புரி திரிச்சுப் பூட்டுறதுக்குள்ள அதுங்களுக்கு றெக்கை வந்துடும். கூட்டிட்டுப் போயிடு. அடுத்த தடவை உன்னை விரட்டிட்டுத்தான் சுண்டுவேன்."

சுவர் இடிந்த அன்று கூட்டமே கிழக்கே பறந்துகொண்டிருந்தது. வழியில் வல்லூறு பாய்ந்தது.

"எல்லாரும் ஒரே சுதி" என்று கத்தினாள் கிரிச்சி. "அந்தப் புரி மாதிரி முறுக்கிக்கோங்க."

கூட்டம் முழுக்க ஒரே கயிறாய் வானில் முறுக்கிக்கொண்டது. வல்லூறு மிரண்டு விலகியது.

பனிக்காலத்தில் நம் சோளக்காட்டுக்கு வரும் குருவிகள், அந்திவானில் ஆயிரமாய்ச் சேர்ந்து ஒரே புரியாக முறுக்கிச் சட்டென்று அவிழ்வது, அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான்.