நெல்லுக்குப் பிடித்த சொற்கள்

கொம்பையா ஆராய்ச்சி மாணவனாகச் சேர வந்தபோது, நேர்காணலில் அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். உப்பு நிலத்தில் வளரும் நெல்லை நீ ஏன் ஆராய வேண்டும்?

"எங்க அண்ணன் பயிர் வச்சிருந்தான். ஆத்தூருக்குக் கெழக்க. கடத்தண்ணி கெணத்துக்குள்ள ஏறிட்டு. நெல்லு பூராவும் கருகிட்டு. பொறவு உப்பளத்துக்கு வேலைக்குப் போனான். சித்திரை வெயிலு. அங்ஙனயே..."

அதற்கு மேல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினான். மறுபடி அதே இடத்தில் நின்றான். தேர்வாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் ஹெப்சிபா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனை நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே அவனிடம் சொன்னார்.

"இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசினா சபையில ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்குப் பழகின வார்த்தையில, தடங்கல் இல்லாம பேசணும்."

அவரே பழக்கினார். கொம்பையா கற்றுக்கொண்டான்.

உவர்ச் சதுப்பில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் மரபணு ஒன்றை நெல்லுக்குள் வைப்பதுதான் அவன் வேலை. அந்த மரபணுவிலிருந்து உண்டாகும் புரதம், பயிர் உப்பைத் தாங்க உதவும். மரபணு நெல்லுக்குள் போய்ச் சேர்ந்தது. புரதம் மட்டும் சரியாக வரவில்லை. வந்த கொஞ்சமும் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவு.

"ஏன் மேடம்?"

"மரபணு மூணெழுத்துச் சொல்லா எழுதியிருக்கு. ஒவ்வொரு சொல்லும் புரதத்துல ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஒரே அமிலத்துக்கு நாலு சொல்கூட உண்டு. அதுல பாக்டீரியா பழகினது ஒண்ணு, நெல்லு பழகினது வேற. பழகாத சொல் வந்தா நெல்லு தயங்குது. மாத்தி எழுது."

"அர்த்தம் மாறிராதா?"

"ஒரு அமிலம்கூட மாறாது."

மாற்றி எழுதினான். ஒன்று விடாமல், எல்லாவற்றையும் நெல்லுக்கு மிகப் பிடித்த சொற்களாக. புதிய பயிரின் இலையைச் சோதித்தபோது புரதம் குவிந்திருந்தது. ஆய்வகமே அவனைச் சூழ்ந்துகொண்டது.

அந்த மாதம் நடந்த பெரிய கருத்தரங்கில் அவன் பேசினான்.

"கடலோர நிலங்கள் உவராகி வருவதால் விவசாயக் குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழக்கின்றன. என் சகோதரரின் மறைவே இந்த ஆய்வுக்குத் தூண்டுகோல்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனான். நல்ல கைதட்டல். சிறந்த உரைக்கான பரிசும் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து நாற்றுகளை உப்புத் தண்ணீரில் வைத்தான்.

செத்தன. மரபணு வைக்காத நாற்றுகள் எந்த வேகத்தில் செத்தனவோ அதே வேகத்தில்.

புரதத்தைப் பிரித்தெடுத்து அமிலம் அமிலமாகச் சரிபார்த்தான். ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அது கரையாமல், எதற்கும் உதவாமல் திரண்டு கிடந்தது.

ஹெப்சிபாவின் அறைக்குப் போனான்.

"எல்லாம் அதேதான் மேடம். ஏன் வேலை செய்யல?"

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு. உங்க அண்ணனைப் பத்திச் சொல்லு."

"அது எதுக்கு மேடம் இப்ப?"

"சொல்லு."

"கடலோர நிலங்கள் உவராகி வருவதால்..." என்று தொடங்கினான். ஓரிடத்திலும் நிற்காமல் சொல்லி முடித்தான்.

முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது.

"இல்ல மேடம், இருங்க" என்றான். "எங்க அண்ணன்..."

அடுத்து நாக்கில் வந்தது 'சகோதரர்'தான். வாயை மூடிக்கொண்டான். கண்ணை மூடி அண்ணனின் முகத்தை நினைத்துப் பார்த்தான். கருத்தரங்குத் திரையும் அதில் அவன் போட்ட படமும்தான் வந்தன.

ஹெப்சிபா காத்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பாக்டீரியா தன் மரபணுவை ஒரே வேகத்துல படிக்கிறதில்ல. அங்கங்கே மெதுவான சொல் இருக்கும். அங்க நின்னு நின்னுதான் போகும். அப்படி நிக்கிறப்பதான், அதுவரைக்கும் வந்த புரதம் ஒழுங்கா மடிஞ்சு உருவம் எடுக்கும். நாம எல்லாத்தையும் வேகமான சொல்லா மாத்திட்டோம். நிக்க எடமே இல்ல."

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா மேடம்?"

"நெல்லுல இப்படி ஆகும்னு தெரியாது."



"திரும்பப் பழையபடி மாத்திட முடியுமா மேடம்?"

"நெல்லுல முடியும்" என்றார் ஹெப்சிபா.