கை மாறாத சாவி

வெள்ளேரிமேடு என்று ஒரு ஊர் இருந்தது. ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் பஸ் நிறுத்தத்துக்கு மிஞ்சியது. சென்னை நாலாபக்கமும் வளர்ந்து அதை விழுங்கியபோது இரண்டே பொருள்கள்தான் தொண்டையில் சிக்கி நின்றன. தெருவின் தாழ்ந்த கோடியில் ஒரு அடிபம்பு, மேட்டில் ஒரு வட்டக் கிணறு. அடுக்குமாடிகளுக்கு நடுவே, ஆட்டோக்கள் வளைந்து ஒதுங்கிப் போகும்படி அந்தக் கிணறு நட்ட நடுத்தெருவில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் யாரும் அதைத் தூர்க்கவில்லை. தண்ணீர் அவ்வளவு ருசி.

கிணற்றுக்கு எதிர்வீட்டில் ஜெசிந்தா இருந்தாள். அவள் மகள் மெர்லின், நடக்கப் பழகுமுன்னே ஏறப் பழகியவள். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று ஜெசிந்தா உள்ளே போய்த் திரும்புவதற்குள், குழந்தை துவைக்கிற கல்லில் கால் வைத்து, கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்தி, கீழே தெரிந்த வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கால் இரண்டும் அந்தரத்தில். தண்ணீர் எடுக்கத் தெருமுனை திரும்பி வந்த அதே தெரு வேதவல்லி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கவுனைப் பிடித்து இழுத்தாளோ, பிழைத்தது.

அதற்குப் பிறகு ஜெசிந்தாவுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கவுன் கிழிகிற சத்தம். கிணற்றை மூடச் சொல்லி வீடு வீடாகப் போய் அழுதாள். கடைசியில் வெல்டிங் பட்டறை காசிம், குழந்தையின் விரல் மட்டுமே நுழையும்படி நெருக்கமாகக் கம்பிவலை அடித்து, அதில் ஒரு கதவு வைத்துப் பூட்டும் போட்டுக் கொடுத்தான். சாவியை வேதவல்லியிடம் மட்டும்தான் கொடுப்பேன் என்றாள் ஜெசிந்தா. அதுவும் அவளுக்குப் போதவில்லை. சத்தியம் செய்வது பாவம் என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தது மறந்துவிடவில்லை. ஆனாலும் குழந்தையைக் கொண்டுபோய் வேதவல்லி முன்னால் நிறுத்தினாள்.

"இவ தலைல கை வச்சுச் சொல்லுங்கக்கா."

வேதவல்லி தயங்கினாள். பிறகு கை வைத்தாள். "இந்தச் சாவி வேற கைக்குப் போவாது. நான் கிட்ட இருந்து பாக்காம இந்தக் கெணறு தொறக்காது. போதுமா?"

சொன்னபடியே நடந்தாள். காலையும் மாலையும் வந்து திறப்பாள், பக்கத்திலேயே இருப்பாள், பூட்டுவாள். "கஜானா தொறந்தாச்சாக்கா?" என்று காசிம் தினமும் கேலி செய்வான்.

அப்புறம் ஒரு நாள் வேதவல்லி மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ உள்ளே வரவில்லை. காசிமும் தெருக்காரர்களும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வீடுவரை தூக்கிப் போனார்கள். "சாமி பொறப்பாடு வருது, ஒருத்தராவது தேங்கா ஒடைக்கிறீங்களா?" என்று மேலேயிருந்து அவள் கூவினாள். தெருவே சிரித்தது. கிணறு பூட்டியே கிடந்தது. குழாயில் தண்ணீர் வந்ததால் யாருக்கும் அது உறைக்கவில்லை.

மாவுக்கட்டு பிரிக்குமுன்னே புயல் வந்தது. மழை விட்ட பிறகு, ஏரியைத் திறந்துவிட்டதில் வெள்ளமும் வந்தது. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தொட்டிகளில் சாக்கடை கலந்தது. அடிபம்பு கைப்பிடி மட்டும் தெரியும்படி மூழ்கிப்போனது. பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் தீர்ந்தது. மேட்டுக் கிணறு ஒன்றுதான் வலைக்கடியில் தெளிந்து கிடந்தது. காசிமின் மனைவிக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. பால்பவுடர் இருந்தது, காய்ச்சிக் கலக்கத் தண்ணீர் இல்லை.

காசிம் வேதவல்லி வீட்டுக்கு ஓடினான். "அக்கா, சாவி."

அவள் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். "குடுத்தா உம்புள்ள பொழைக்கும். நான் கை வச்ச அந்தத் தலை? எனக்குன்னு பொறந்தது ஒண்ணும் இல்ல தம்பி. அதத்தான் எம்புள்ளையா நெனச்சிட்டிருக்கேன்." அழுதாள். கொடுக்கவில்லை.

அவன் கடப்பாரையோடு கிணற்றடிக்கு வந்தான். "நான் அடிச்ச வலை, நானே ஒடைக்கிறேன். சாவியும் கை மாறல."

ஜெசிந்தா மெர்லினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து வலைமேல் விழுந்தாள். "ஒடைச்சா எப்பிடி மூடுவீங்க பாய்? கரன்ட்டு இல்லாம வெல்டிங் வைப்பீங்களா?"

"எம்புள்ள அழுவுறது கேக்குதா உனக்கு?"

"கேக்குது." அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்ப நீயே அக்காகிட்ட போயி, சத்தியம் வேணாம்னு சொல்லிடு."

"எந்தலைல வச்சிருந்தா சொல்லிடுவேன் பாய். இவ தலை. இவளுக்கு இன்னும் பேச்சே வரலியே!"

சாவியைக் கொடுக்க மறுத்த வேதவல்லி, பூட்டை உடைக்க வந்த காசிம், வலைமேல் விழுந்து மறித்த ஜெசிந்தா, இவர்களில் யார் செய்தது சரி? சத்தியமும் கெடாமல், பூட்டும் உடையாமல், வாளி இறங்க வழி உண்டா? கீழே படிக்குமுன் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விடை: மூவருமே ஒரு குழந்தைக்காகத்தான் நின்றார்கள், யாரையும் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பயந்தவர்களுக்குப் பார்வை ஒரே இடத்தில் குத்திட்டுவிடும். மூவர் கண்ணும் சாவியிலும் பூட்டிலுமே நின்றது. வேதவல்லி சொன்னதைத் திரும்பப் படியுங்கள். சாவி வேறு கைக்குப் போகக் கூடாது. அவள் கிட்ட இருக்க வேண்டும். நடந்துதான் வர வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? வலைமேல் கிடந்தபடியே அது முதலில் ஜெசிந்தாவுக்குத்தான் உறைத்தது. "பாய், அந்த நாற்காலி!" என்றாள். கடப்பாரை கீழே விழுந்தது. சற்று நேரத்தில் வேதவல்லி கிணற்றடியில் நாற்காலியோடு வந்து இறங்கி, தன் கையாலேயே பூட்டைத் திறந்தாள். மெர்லினை வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டாள். முதல் வாளி காசிம் வீட்டுக்குப் போனது. "மத்தவங்களும் சீக்கிரம் எறைங்கப்பா," என்றாள், "சாமிக்குக் கால் வலிக்குது."