ஒரு பருக்கை கூடத் தொடாதவர்

"ஹஜ்ரத், எனக்குக் கொஞ்சம் தண்ணி ஓதிக் கொடுங்க. கால் விரல் போயிரும் போல இருக்கு."

சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார் மஸ்தான் கனி. ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் பிரியாணிச் சட்டி ஏற்றுகிற பண்டாரி அவர்தான். வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக ஏற்றுக் கைபிடித்த உவைஸ் ஹஜ்ரத்துக்கு முப்பத்தெட்டு. அதில் பண்டாரிக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. சந்தேகம் வந்தால் நேரே தர்காவுக்கு வந்துவிடுவார்.

இன்று வந்தது சந்தேகத்தோடு அல்ல. பயத்தோடு.

"என்ன ஆச்சு பண்டாரி?"

"பெருவிரல்ல புண்ணு. ரெண்டு மாசமா ஆறல. சர்க்கரை முன்னூத்திப் பத்து. பதினஞ்சு நாள்ல குறையலன்னா விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"மாத்திரை?"

"ஒரு வேளை விட்டதில்ல. இனிப்பை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. சோறும் நிறுத்தியாச்சு. ஒரு பருக்கை கூடத் தொடல ஹஜ்ரத். ஊருக்கே சோறு பொங்கிப் போடுறேன், எனக்கு மட்டும் கிடையாது. அப்படியும் குறைய மாட்டேங்குது. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

 கட்டுப் போட்ட விரலை மஸ்தான் கனி பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

ஹஜ்ரத் குனிந்து அதைப் பார்த்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"காலையில ரெண்டு முட்டை. அவ்வளவுதான்."

"எதுல பொரிச்சது?"

"நெய்யிலதான்."

"மதியம்?"

"சோறே கிடையாது. கறி மட்டும். கொழுப்போட இருந்தா நாலு துண்டு சேத்து எடுத்துப்பேன். வெறும் வயித்தை எதையாவது வச்சு நிரப்பணும்ல?"

"சாயந்திரம்?"

"சாயந்திரம் எதுவும் சாப்பிடல. கல்யாண வேலை. சட்டியில ருசி பார்த்தேன். அது சாப்பாட்டுல சேராதே."

"எப்படிப் பார்ப்பீங்க?"

இந்தக் கேள்வி வந்ததும் பண்டாரிக்குப் பயம் கூடக் கொஞ்சம் விலகியது. தொழிலைப் பற்றிக் கேட்டால் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"மசாலா வெந்து எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்கணும். அந்த எண்ணெயை ஒரு கரண்டி மொண்டு உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பார்க்கணும். அதுலதான் உப்பும் காரமும் பேசும். அடியில இருக்குற குழம்பை ருசி பார்க்குறவன் கத்துக்குட்டி."

"எத்தனை சட்டி?"

"பதினாலு."

"ஒரு சட்டிக்கு ஒரு தடவையா?"

"மூணு தடவையாவது பார்க்கணும்."

"கொழுப்பைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். நெய்யையும் கொழுப்பையும் குறைங்கன்னார். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? அது நெஞ்சு வலிக்காரனுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

ஹஜ்ரத் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். மஸ்தான் கனி இரண்டு கைகளையும் ஏந்தினார். ஹஜ்ரத்தின் உதடு அசையும், ஓதி ஊதித் தருவார் என்று காத்திருந்தார்.

ஹஜ்ரத் டம்ளரைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார்.

"துடைங்க பண்டாரி."

 தம்மேல் கோபமோ என்று பண்டாரி நினைத்தார். அவசரமாகத் தோளில் கிடந்த துண்டை உருவினார். சூடான மூடியைப் பிடிப்பதும் நெய்க் கரண்டியைத் துடைப்பதும் அந்தத் துண்டில்தான். எத்தனை தடவை துவைத்தாலும் பிசுக்குப் போகாது.

துடைத்தார். தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. அழுத்தித் துடைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. புண்பட்ட காலை நீட்டிக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து துடைத்தவருக்கு வியர்த்துவிட்டது.

"தண்ணி ரொம்ப ஊத்திட்டேனா?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

"இல்லீங்க, ஒரு டம்ளர்தானே. துண்டு குடிக்க மாட்டேங்குது. எண்ணெய் ஊறின துண்டு."

"பாதி டம்ளர் ஊத்தியிருந்தா?"

"பாதி ஊத்தினாலும் இப்படித்தான் நிக்கும். தண்ணியைக் குறைச்சு என்ன பிரயோசனம், துண்டு..."

பண்டாரி கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

தரையைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக விரலைப் பார்த்தார்.

"ஹஜ்ரத், டாக்டர் சொன்னது நெஞ்சு வலிக்காரனுக்கு இல்லையா?"

"யாரைப் பார்த்துச் சொன்னார்?"

"என்னைப் பார்த்துத்தான்."

ஹஜ்ரத் மறுபடி உட்கார்ந்தார். பண்டாரியின் முகம் தெளியவில்லை. ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

"நெய்யை விட்டுடுறேன். கறியில கொழுப்பைத் தள்ளிடுறேன். ஆனா ஞாயித்துக்கிழமை பதினாறு சட்டி ஒத்துக்கிட்டு இருக்கேன். நாக்குல வைக்காம இறக்கி, உப்பு கூடிப்போச்சுன்னா சபையில என் பேர் போயிரும். முப்பது வருஷப் பேரு ஹஜ்ரத். விரலைக் காப்பாத்தப் போய்க் கையை இழந்துட்டு நிப்பேன்."

"ரமலான்ல பள்ளிவாசலுக்கு யாரு கஞ்சி காய்ச்சுறது?"

"நான்தான்."

"பெருநாளைக்கு முந்தின நாள் இஃப்தாருக்கு ஆயிரம் பேருக்குப் பிரியாணி?"

"அதுவும் நான்தான்."

"அடுப்புல இருக்கும்போது ருசி பார்ப்பீங்களா?"

"நோன்பு வச்சுக்கிட்டு எப்படிங்க பார்க்கிறது?" மஸ்தான் கனிக்குக் கோபமே வந்துவிட்டது. "வாசத்துலயே தெரியும்."

"உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வருஷமாவது யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொன்னதில்ல ஹஜ்ரத்" என்றார் பண்டாரி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.