கடல் தாண்டிய சாம்பல்

அன்று காலை செங்கமலத்துக்குப் பால் கறக்கக் கை எழவில்லை.

கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டில் அணு உலை வெடித்துச் சிதறியது. அதன் பிறகு இந்த மலையடிவாரத்தில் ஒரு மழை பெய்தது. புல் தளதளவென்று வளர்ந்தது. மடத்துப் பசுக்கள் வயிறு புடைக்க மேய்ந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் செங்கமலத்துக்கு மட்டும், அந்த மழையோடு உலைச் சாம்பலும் இறங்கியிருக்குமோ என்ற பயம் விடவில்லை.

"கடல் தாண்டின சாம்பல் உன் மாட்டைத் தேடியா வரும்? அதுக்கு விலாசம் தெரியுமாக்கும்?" என்றார் மடைப்பள்ளிச் சமையல்காரர் நாகப்பன். "அப்படியே வந்தாலும் திருநீறுன்னு நினைச்சுப் பூசிக்கோ, அக்கா."

அவள் சிரிக்கவில்லை. கறந்த பாலை எடுத்துக்கொண்டு மடத்துக் குருவிடம் போனாள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ மாடுகள் நச்சுச்செடி மேய்ந்துவிட, அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்களாம். அன்றிலிருந்து, குரு குடித்துப் பார்த்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால். தலைமுறை தலைமுறையாக அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த ஊர் அது. செங்கமலத்தின் பேத்தியும் இப்போது அந்த வரிசையில்தான் நின்றாள்.

குரு ஒரு மிடறு குடித்தார். "இனிப்பா இருக்கு," என்றார்.

"சாமி, நேத்து விவசாய ஆபீசர் வந்தார். மண்ணை அள்ளிப் பார்த்தார். பயமில்லைன்னார்."

"பிறகென்ன?"

"எத்தனை காலத்துக்குப் பயமில்லைன்னு கேட்டேன். ஜீப்புல ஏறிட்டார்."

குரு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஆபீசர் சொல்லு வேண்டாம், சாமி. மழைக்கு அப்புறமும் நீங்க தினம் குடிக்கிறீங்க. கல்லுக் குண்டாட்டம் இருக்கீங்க. அது போதாதா? நான்தான் வீணா மனசைப் போட்டு உழப்பிக்கிறேனா?"

"அந்தச் சாம்பல் புல்லுக்குள்ள போய், பாலுக்குள்ள வந்தா, குடிச்சவங்களை எப்போ பிடிக்குமாம்?"

"இருபது வருஷமும் ஆகலாம், முப்பதும் ஆகலாம்னு ரேடியோவுல சொன்னாங்க. பிடிக்காமலே போனாலும் போகுமாம்."

"எனக்கு வயசு என்ன, தாயி?"

"எண்பத்தி..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

குரு மிச்சப் பாலைக் குடிக்கவில்லை. டம்ளரை மெல்லத் தரையில் கவிழ்த்து வைத்தார். பால் வெள்ளையாக ஓடி, அவள் கால்வரைக்கும் வந்தது. அவள் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"நாளையிலிருந்து எனக்குக் கொண்டுவராதே," என்றார்.

"சாமி, பிள்ளைங்க வெறும் வயித்தோட நிக்குதுங்க. பயமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லே, கொடுக்காதேன்னாவது சொல்லுங்க."

வெளியே யாரோ ஒரு பிள்ளை டம்ளரைக் கல்லில் தட்டியது. இன்னொன்றும் சேர்ந்து தட்டியது. குரு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குடிச்சுப் பார்த்துச் சொல்றதுக்கு நான் இருக்கமாட்டேன், செங்கமலம். மழை பெஞ்ச நாளிலிருந்து நமக்காகக் குடிச்சுப் பார்க்கிறது அந்தப் பிள்ளைங்கதான்."