முதற்கட்டத்தில் விழுந்த பெயர்

கனடா தன்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது பெயரைத்தான். கேட்டுவிட்டு இரண்டு கட்டங்களை நீட்டும்: முதற்பெயர், குடும்பப்பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் எங்கே இருந்தது? அப்பன் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய சனம். அந்தக் கட்டங்களில் விழுந்து முழித்தவர்களில் ஒருத்திதான் தேவகுஞ்சரி.

விமான நிலையத்தில் அதிகாரி பெயர் கேட்டதும், பள்ளிக்கூட வரவு இடாப்பில் கூப்பிடுகிற மாதிரியே, "வைத்திலிங்கம் தேவகுஞ்சரி" என்றாள். முதலில் சொன்னது முதற்பெயர் ஆயிற்று. அன்று முதல் அரசாங்கக் கடதாசியில் அவள் வைத்திலிங்கம். ஸ்காபரோவில் வேலை பார்த்த பிஸ்கட் தொழிற்சாலையில் 'வைத்தி'.

வைத்திலிங்கம் அவளுடைய ஐயா. சாவகச்சேரிப் பக்கம் தபால்காரர். அந்தப் பெயரை அம்மா கண் மூடும் வரைக்கும் ஒரு தரமும் வாயால் சொன்னதில்லை. மகள் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த எட்டு மாதமும் ஐயா விடாமல் கடிதம் போட்டார். உறையில் எப்போதும் ஒரே மாதிரி எழுதுவார்: 'செல்வி வை. தேவகுஞ்சரி'. கடைசிக் கடிதத்தில், "போற இடத்தில பேரை விட்டிடாதை, பிள்ளை" என்று எழுதியிருந்தார். பிறகு சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தது. ஐயா எங்கே போனார் என்று இன்றைக்கும் தெரியாது.

'வைத்தி' என்று கேட்கும்போது முதலில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த வெள்ளைக்காரன் யார்? போகப்போக அந்தக் கூப்பாட்டுக்காகவே ஏங்கத் தொடங்கினாள். பெட்டி அடுக்கிக்கொண்டு நிற்கையில் யாராவது "வைத்தி" என்றால், ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டு வாசல் படலையடிக்கு வந்துவிட்ட மாதிரி நெஞ்சு ஒருக்கால் துள்ளும். பதினான்கு வருடம் அப்படியே போயிற்று.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தது. பெயரைத் திருத்துவதென்றால் இப்போதே திருத்த வேண்டும்.

கணவன் குகதாசன் பேனையோடு உட்கார்ந்தான். "இஞ்சரும், பேரை விடாதை எண்டு மாமா சொன்னது உம்மட பேரை. தேவகுஞ்சரி எண்டு முன்னுக்குப் போடுவம். பின்னுக்கு என்ர பேர். கலியாணம் கட்டினா அதுதானே முறை?"

மொன்றியலில் இருந்த சித்தப்பா தொலைபேசியில் வேறு கதை சொன்னார். "அண்ணன் தன்ர பேரைத்தான் சொன்னவர், பிள்ளை. அவரைப் பேர் சொல்லி ஒருத்தர் கூப்பிடுறதெண்டா, அது உன்னைக் கூப்பிடேக்கைதான். மாத்தினியெண்டா நாங்களே அவரைச் செத்தவராக்கின மாதிரி."

தேவகுஞ்சரி இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாள். திருத்தினால் ஐயாவைக் கூப்பிட ஆளில்லை. அப்படியே விட்டால் ஐயா பார்த்துப் பார்த்து வைத்த பெயரைக் கூப்பிட ஆளில்லை. அந்தக் கடைசி உறையை எடுத்து மேசையில் வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இவ்வளவு நேரம் கேட்ட நீங்களே சொல்லுங்கள். கணவன் சொன்னதா சரி, சித்தப்பா சொன்னதா சரி? ஐயா எந்தப் பேரை விடாதே என்றார்?

விடை: இருவருமே பாதிக் கிணறுதான் தாண்டினார்கள். ஆயுள் முழுக்கக் கடிதம் சுமந்த மனுஷன் விலாசத்தில் பிழை விடுவாரா? உறையில் தன்னை ஓரெழுத்தாகச் சுருக்கிக்கொண்டு, மகளை முழுதாக எழுதினார். கூப்பிட அவள் பெயர், துணைக்கு அவர் பெயர். இரண்டும் சேர்ந்ததுதான் அவர் சொன்ன 'பேர்'. தேவகுஞ்சரி தன் பெயரை முதற்கட்டத்திலும் ஐயாவின் பெயரை அடுத்த கட்டத்திலும் எழுதினாள். குகதாசன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். குடியுரிமைச் சத்தியம் எடுத்த அன்று இரண்டு பெயரையும் சேர்த்தே வாசித்தார்கள். அவள் செய்தது சரி, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் "தேவா" என்று கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. பழக்கத்தில் ஒரு தரமாவது "வைத்தி" என்று கூப்பிட்டுவிடமாட்டாரா என்று அப்படியே நின்றாள்.