ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்குத் தாகம் நின்ற கதை

போன வாரத்துல இருந்து எங்க தெருக் குழாய்ல காத்துதான் வருது. கவுன்சிலர் ஆவுடைநாயகம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு விட்டோம். அவர் அப்பத்தான் நகராட்சிச் செலவுல, தண்ணிச் சிக்கனம் படிக்கன்னு ராஜஸ்தான் பாலைவனம் வரைக்கும் போயிட்டு வந்திருந்தார். தண்ணி எப்ப வரும்னு கேட்டோம். அவர் ஒட்டகத்துல ஆரம்பிச்சார்.

ஒட்டகம் ஒரே மூச்சுல அண்டா அண்டாவா குடிச்சிட்டு, அப்புறம் நாள்கணக்கா தண்ணிப் பக்கமே திரும்பாதாம். அது வரைக்கும் சரி, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஆனா அவர் ஏறின ஒட்டகம் கடைசியா குடிச்சது அதோட சொந்தக்காரன் கல்யாணத்தன்னைக்காம். இப்ப அவன் பேத்திக்கே வளைகாப்பு முடிஞ்சிருச்சாம்.

அங்க ஒரு எலி தண்ணியே குடிக்காதாம். தின்கிற விதையில இருந்தே உடம்பு ஈரம் எடுத்துக்குமாம். அண்ணாச்சி பாவம் பார்த்து பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு விட்டிருக்கார். வெள்ளம் வந்துருச்சுன்னு எலி குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சாம்.

குடத்து மேல கையை ஊன்றி நின்ன எங்க தெரு சலேத்தம்மாள் அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாள். அண்ணாச்சிக்குத் தெம்பு வந்திருச்சு.

கல்கௌதாரின்னு ஒரு பறவை. ஆண் பறவை நெஞ்சு இறகை நனைச்சுத்தான் குஞ்சுகளுக்குத் தண்ணி கொண்டு போகுமாம். ஒண்ணு இவர் தலைக்கு மேல நின்னு உதறினதுல, அண்ணாச்சி குளிச்சு வேட்டியும் அலசிக்கிட்டாராம்.

"அதைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கலாமே அண்ணாச்சி," என்றாள் அக்கா.

கூப்பிட்டாராம். குஞ்சுகளுக்குப் பரீட்சை நேரம்னு வரலையாம்.

அடுத்து பாலைவனத்தை ஒட்டின புல்வெளி. உச்சி வெயில்ல நரியெல்லாம் வளைக்குள்ள போயிரும், வெளிமான் பனி ஈரம் பட்ட புல்லை விடியறதுக்குள்ள மேஞ்சு முடிச்சிரும்னார். அண்ணாச்சியோட நிழல்கூட சூடு தாங்காம நரி வளைக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சாம். சாயங்காலம் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கூட்டிட்டு வந்தாராம்.

நீங்க என்ன குடிச்சீங்கன்னு அக்கா கேட்டாள்.

அங்கதான் அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு சொட்டு குடிக்கலை. அந்தப் பிராணிககிட்டயே வித்தையைப் படிச்சிட்டேன். ஊருக்கு வந்தும் தாகம்னு ஒண்ணு இல்லை. குளிக்கணும்னும் தோணலை. மனுசன் மனசு வச்சா தண்ணியே வேண்டாம் தாயி."

அக்கா குடத்தை இடுப்புல எடுத்தாள். "அப்ப உங்க வீட்டு போர்த் தண்ணி சும்மாதான கெடக்கும்," என்று நடக்க ஆரம்பிச்சாள். தெருவே பின்னால போச்சு.

அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓடி வந்தார். மோட்டார் ரிப்பேர், கரண்டு இல்லைன்னு வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். யாரும் நிக்கலை.

கதவைத் திறந்தது அவர் சம்சாரம் பிரமு மதினி. குடங்களைப் பார்த்தாங்க, மூச்சிரைக்க நின்ன புருசனைப் பார்த்தாங்க. அக்கா விவரம் சொன்னதும் கேட்டை அகலத் திறந்தாங்க.

"உள்ள வாங்க. இவரு போன இடத்துல வயித்தால போயி, லாட்ஜு ரூமை விட்டு வெளிய வரவே இல்லை."