மாசானத்தின் வண்டியில் ஒரு சாமான் குறைந்த கதை

பனையடிப்பட்டியில் மாசானம் என்றொருவன் இருந்தான். அவனுக்குச் சொரிமுத்து, பலவேசம் என்று இரண்டு தம்பிமார். மூவரும் தங்கமான பிள்ளைகள். சொன்ன சொல்லை இம்மி பிசகாமல் செய்வார்கள். ஊர் பயந்ததே அதற்குத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாசானத்தின் பெண்டாட்டி ஆவுடை பையும் கையுமாக முற்றத்துக்கு வந்தாள். அங்கே அவள் அப்பா கடைசிவரை ஓட்டிய மோட்டார் சைக்கிள் துருப்பிடித்து நின்றது. அவர் போனபிறகு அவர் ஞாபகமாக அவள் கொண்டுவந்த வண்டி. எட்டு வருஷமாக அதில் ஏறி உட்கார்ந்தது கோழி மட்டும்தான்.

“சரிபண்ணுங்க, சரிபண்ணுங்கன்னு சொல்லி என் வாய்தான் வலிச்சுது. இனிமே இந்த வண்டி எங்கம்மா வீட்டு வாசலுக்கு ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாத்தான் நான் திரும்பி வருவேன்” என்றாள்.

அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்றுகூட மாசானத்துக்குத் தெரியாது. அதைவிட, அவள்மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். நின்ற இடத்திலிருந்தே டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

“வீட்டுலயே பண்ணலாம் அண்ணாச்சி” என்றார் மெக்கானிக். “கழட்டுறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எது எங்க இருந்துச்சோ அது அங்கேயே திரும்ப வரணும். முடிச்ச பிறகு கையில ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.”

சொரிமுத்து உடனே போட்டோ எடுத்தான். ஆவுடை வண்டிக்குப் பின்னால் நின்று மூவரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

வேலை மும்முரமாக நடந்தது. உப்புத்தாளால் தேய்தேய் என்று தேய்த்து, இரண்டே நாளில் வண்டியைப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். உதிர்ந்த துரு ஒரு டப்பா நிறையச் சேர்ந்தது. அதைக் குப்பையில் கொட்டப் போன பலவேசத்தின் கையை மாசானம் எட்டிப் பிடித்தான்.

“ஏலே, மிச்சம் இருக்கக் கூடாதுன்னு சொன்னாருல்லா?”

“ஆமாண்ணே. அப்ப இதை எங்க மாட்ட?”

“எங்க இருந்து வந்துச்சோ அங்கதான்.”

மைதாப் பசை காய்ச்சினார்கள். போட்டோவைப் பார்த்துப் பார்த்து, ஒரு பொட்டு விடாமல் துருவை மறுபடியும் ஒட்டினார்கள். அதற்கு மூன்று நாள் பிடித்தது. கோழி வந்து பசையைக் கொத்த, அது கொத்திய இடத்தில் மறுபடியும் ஒட்டினார்கள். சைலன்ஸருக்குள் எலி கட்டியிருந்த தேங்காய்நார்க் கூட்டையும் தூசி தட்டி உள்ளே செருகினார்கள். சீட்டின் மேல் மட்டும் ஒரு சிக்கல் வந்தது.

“போட்டோவுல ரெண்டு முட்டை இருக்கு. இப்ப மூணு கெடக்கு” என்றான் சொரிமுத்து.

நெடுநேரம் யோசித்து, ஒன்றை ஆம்லெட் போட்டார்கள். உப்பில்லாமல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாசானம் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை மிதித்தான். சத்தமே இல்லை. தம்பிமாரும் மாற்றி மாற்றி மிதித்தார்கள். மூன்று பேருக்கும் கால் வீங்கியது. பிறகு போட்டோவையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

“கண்டுபிடிச்சிட்டேன். மதினியைக் காணோம்” என்றான் பலவேசம்.

மாசானம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “வண்டி ஓடுனாத்தான் அவ வருவா. அவ வந்தாத்தான் வண்டி ஓடும். நான் எங்கலே போவேன்?” என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பலவேசம் பஸ் ஏறிப் போனான். “மதினி, வண்டி முடிஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு சாமான் குறையுது. அது நீங்கதான். முறைச்சுக்கிட்டே வரணும்” என்றான். ஆவுடைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்தாள்.

வண்டியைப் பார்த்தாள். முறைக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. போட்டோவில் நின்ற இடத்திலேயே அவளை நிறுத்திவிட்டு மாசானம் மிதித்தான். வண்டி அசையவில்லை.

“பெட்ரோல் ஊத்துனீங்களா?” என்று கேட்டாள் ஆவுடை.

மூவரும் போட்டோவைப் பார்த்தார்கள். “அதுல பெட்ரோல் தெரியலையே மதினி” என்றான் சொரிமுத்து.

அவள் முட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எலிக்கூட்டை இழுத்துப் போட்டாள். பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். பலவேசத்தை விரட்டிப் பெட்ரோல் வாங்கிவரச் செய்து ஊற்றினாள். டயருக்குக் காற்றடிக்க வைத்தாள். “இப்ப மிதிங்க” என்றாள்.

நாலாவது மிதியில் வண்டி தடதடவென்று உயிர் பிடித்தது. அப்பா தெருமுனையில் திரும்பும்போது கேட்கும் அதே சத்தம். ஆவுடைக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் ஏற ஒரு காலை எடுத்து வைத்தாள்.

அதற்குள் மாசானம் கியரைப் போட்டிருந்தான். “ஏட்டி, இங்கயே இரு! நான் போயி ஆவுடையைக் கூட்டிட்டு வந்துர்றேன்!” என்று கத்திக்கொண்டே பறந்துவிட்டான்.

பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓட்டி, மாமியார் வீட்டு வாசலில் போய் நிறுத்தினான். ஹாரன் வேலை செய்யவில்லை. வாயாலேயே அடித்தான். மாமியார் பதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஆவுடை எங்க அத்தை?”

“அவ காலையிலயே உங்க வீட்டுக்குல்லா கெளம்பி வந்தா மருமவனே! வந்து சேரலியா?”

“அதெல்லாம் வந்து சேந்துட்டா. நான் பொறப்படும்போதுகூட முத்தத்துலதான் நின்னா” என்றபடி மாசானம் வண்டியை அணைத்து ஸ்டாண்டு போட்டான். பிறகு கவலையோடு கேட்டான். “இங்க எப்பத் திரும்பி வருவேன்னு ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?”